மின்னேட்டுக் கருவூலமும் அதிகார முறையும்

திருச்சிற்றம்பலம்

சென்னைப் பெருநகரின் மேற்றிசைக்கண், பாடி, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என வழங்கும் ஊர்களின் எல்லையிலே திருமுறைத் தலங்கள் மூன்று விளங்குகின்றன. பாடியிலுள்ள திருவலிதாயமும், பூவிருந்தவல்லியை யடுத்த திருவேற்காடும் திருஞானசம்பந்த சுவாமிகள் திருப்பதிகம் பெற்றவை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட வடதிருமுல்லைவாயில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பதிகம் பெற்றது. அம்முல்லைவாயிலில் மாசிலாமணியீசர் திருமுன்னர் நந்திதேவர், ஏனைத் தலங்களிற்போல இறைவனை நோக்கியிராது, புறத்தே கிழக்கு நோக்கி எழுந்தருளியிருக்கின்றார். குறும்பரொடு பொரச்சென்ற தொண்டைமானுக்குத் துணைபோதற்கு எழுந்த திருக்கோலம் அஃது எனத் தலவரலாறு கூறும்.

நந்திதேவர்க்கு அதிகார நந்தி யென்பதும் ஒரு திருநாமம். திருக்கயிலையின் வாயிலில் நின்று, உட்புகுவார்க்கு விடைகொடுக்கும் அதிகாரம் அவர்க்குரியது. அவரே அகச்சந்தான குரவர் நால்வருள் முதல்வருமாவர். வாயில்காப்போரும் முதலாசிரியரும் ஒருவராதல் ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. காவலின் பயன் விலக்குதலே யாயின், காவலர்க்கு ஆசிரியராந் தன்மை பொருந்தாது. உரியாரை உரியவாறு உட்புகுவித்தலும், உள்ளிருக்கும் பொருளைச் சிதையாது போற்றுதலும் ஆகிய இரண்டுமே காவலின் பயனென்பது இதனாற் போதரும்.

இக்காலத்தே ஏட்டுச்சுவடிகளையும் பழம்பதிப்புக்களையும் நிழற்படமாக்கிக் கணினியிற் சேமித்து, இணைய வழியாக யாவர்க்கும் பயன்படச் செய்யும் மின்னேட்டுக் கருவூலங்கள் பல்கி வருகின்றன. அவற்றில் யார் படிக்கலாம், யார் சேர்க்கலாம், யார் திருத்தலாம், யார் நீக்கலாம் என வரையறுத்தல் இன்றியமையாத தொழிலாயிற்று. இது கணினி வல்லார்க்கே யுரிய சிறுதொழில் என்று சைவவுலகம் எண்ணியிருத்தல் தகாது. என்னை? இவ்வரையறை பிழைபட்டமையாற் பேரிழப்பெய்திய வரலாறு ஒன்று நம் சமயத்துள்ளே உளதாகலின்.

1. தில்லைத் திருவறை

உமாபதி சிவாசாரியர் அருளியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் அவ்வரலாற்றைக் கூறும். மூவர் திருப்பதிகங்களைத் தேடிய மன்னன், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகளை யடைந்து வேண்ட, நம்பிகள் பொல்லாப்பிள்ளையார் திருவருளால், அவை தில்லையிலே ஓர் அறையில் மூவர் கையிலச்சினையுடன் காப்பிடப்பட்டுள்ளன என்றுணர்ந்தனர். மன்னன் தில்லையை யடைந்து அறையைத் திறக்கவேண்ட, பாடிய மூவரும் வந்தாலன்றித் திறத்தலாகாதெனத் தில்லைவாழந்தணர் மறுத்தனர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொணர்ந்தான், அறை திறக்கப்பட்டது. உள்ளே புற்று மூடிக்கிடந்தது. எள்ளெண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபொழுது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. சம்பந்தர் 16,000, நாவரசர் 49,000, நம்பியாரூரர் 38,000 பதிகங்கள் பாடியருளினர் என்பது அப்புராணக் கொள்கை. இன்று எஞ்சியுள்ளவை மூவர்க்கும் சேர்த்து எண்ணூற்றுக்குட்பட்டனவே. இக்காலத்துக்கு வேண்டுவனவற்றையே வைத்தோம் என்னும் அசரீரியால் மன்னன் தேறினான் என்ப. திருவருட் குறிப்பு அவ்வாறாக; மாந்தர் செயலளவில் அதனின்று கற்கத்தக்கன மூன்றுள.

முதலாவது: வந்தவன் அரசனென்பதில் அந்தணர்க்கு ஐயமில்லை. ஆயினும் அறை திறக்கப்படவில்லை. ஒருவரை இன்னாரென அறிதல் வேறு. அவர்க்கு இன்னது செய்யும் அதிகாரமுண்டெனக் கோடல் வேறு.

இரண்டாவது: மூவர்க்கே யுரியதாகிய அதிகாரத்தை அவர் திருவுருவங்கள் பெற்றுச் செலுத்தின. திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரக் கொள்கை யறிந்தார்க்கு இது வியப்பன்று. உரியார் நேரில் இல்லாதபோது அவர்க்குப் பிரதியாக நின்று அதிகாரஞ் செலுத்துவார் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது: காப்பு மிகவும் திண்ணிதாயிருந்தது, ஆனால், அது காத்தது கதவையே, ஏட்டையன்று. இலச்சினையிட்டார்க்குப் பின் அதனை நீக்குவார் இன்னார் என்னும் ஏற்பாடு இன்மையால், வாயில் மனிதர்க்கு அடைபட்டுக் கிடந்த காலமெல்லாம் செல்லுக்குத் திறந்தே கிடந்தது.

2. அறிதலும் அதிகாரமும்

மேற்கூறிய முதற்கருத்தே மின்னேட்டுக் கருவூலத்துக்கும் அடிப்படை. ஒருவர் தம் பெயரும் கடவுச்சொல்லும் இட்டவழி, கணினி அவரை இன்னாரென அறிகின்றது. அவ்வளவில் அவர்க்கு ஒன்றுஞ் செய்யும் உரிமை வந்திலது. அதன்பின், அவர் தொடவிரும்பும் பொருளின்மேல் எழுதப்பட்டுள்ள அநுமதி விதியை நோக்கி, படித்தல், சேர்த்தல், திருத்தல், நீக்கல் என்பவற்றுள் எது அவர்க்கு உரியது எனத் தேர்கின்றது.

இனி, அவ்விதிகளை வகுக்குமிடத்துக் கொள்ளத்தக்க நெறிகளுள் இரண்டு தலையாயவை. 1975-இல் சால்ட்சர், சுரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கணினிப் பொருட்காவல் பற்றி எழுதிய கட்டுரையில் அவை தெளிவுற வகுக்கப்பட்டன. ஒருவர்க்கு அவர் தொழிற்கு வேண்டுமளவே அதிகாரம் தருக என்பது ஒன்று. விதி யாதும் எழுதப்படாதவழி மறுப்பே இயல்பாகுக என்பது மற்றொன்று. இவை கருமித்தனமல்ல. மிகையாய்த் தந்த அதிகாரம் தீயோர் கையிற் படுதலினும், நல்லோர் கையிற் பிழைபடுதலே பெரும்பான்மை. படங்களைப் பார்வையிட வந்த அன்பர் ஒருவர், நீக்கும் அதிகாரமும் தம்மிடத்திருப்பதறியாது ஒரு சுவடியின் கோப்பையே நீக்கிவிடுதல் கூடும்.

ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் பலர் பகிர்ந்து வழங்குதல் இதனினுங் கேடு. எப்பாடத்தை யார் மாற்றினாரென்று பின்னர் அறிதற்கு வழியில்லையாம். 1960-களில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பலர் ஒருங்கே வழங்கிய கணினியொன்றில் நிகழ்ந்ததோர் இடர் இதற்கு அணித்தான சான்று. மேலாளர் இருவர் ஒரே இடத்திலிருந்து ஒரே வேளையில் இருவேறு கோப்புக்களைத் திருத்தலாயினர். அக்கணினி இருவர்தம் வேலைப்பிரதிக்கும் ஒரே பெயரிட்டமையால் கோப்புக்கள் இடம்மாறின. அன்று கணினியை யணுகினார்க்கெல்லாம் வரவேற்புச் செய்திக்கு மாறாக, அனைவர் கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றின. இருவர் ஒருபெயராற் குறிக்கப்படின் விளையும் மயக்கம் இத்தகையது.

3. குழுவும் தீக்கையும்

நூற்றுக்கணக்கான அன்பர்க்குத் தனித்தனியே விதியெழுதப் புகின் பிழைகள் மலியும். ஆதலின், தொழில்பற்றிக் குழுக்களை வகுத்து, அதிகாரத்தைக் குழுவுக்குத் தந்து, ஆட்களைக் குழுவிற் சேர்ப்பதும் நீக்குவதுமே தக்கது. 1992-இல் டேவிட் பெராயோலோ, ரிச்சர்டு கூன் என்னும் இருவர் இம்முறையை வரன்முறையாக்கி வெளியிட்டனர்.

சைவர்க்கு இது புதிதன்று. சமயதீக்கை பெற்றார் சரியைக்கும், விசேடதீக்கை பெற்றார் கிரியைக்கும் யோகத்துக்கும், நிருவாணதீக்கை பெற்றார் ஞானத்துக்கும் உரியர். பிறர்க்குத் தீக்கை செய்யும் அதிகாரமோ ஆசாரியாபிடேகம் பெற்றார்க்கே உரியது. தான் பெறுதல் வேறு, பிறர்க்குத் தருதல் வேறு என்னும் வரம்பு இங்கே தெளிவாகக் கிடக்கின்றது. கருவூலத்திலும், படிப்போர், ஏட்டைப் படியெடுத்துச் சேர்ப்போர், பாடம் பரிசோதிப்போர் என்பாரின் வேறாக, பிறர்க்கு அதிகாரம் வழங்கும் மேலாளர் வைக்கப்படுவர். நெடுநாள் உழைத்தார் என்பதுபற்றி ஒருவரை மேலாளராக்குதல், முதிர்ந்த அடியார் என்பதுபற்றி அபிடேகமின்றி ஆசாரியத் தொழில் தருதலை ஒக்கும்.

இஃது ஒருபுடை யுவமையே யென்க. தீக்கை மலநீக்கத்தின் பொருட்டு உயிரின்கண் நிகழ்வது; கணினியதிகாரம் ஒரு வேலையின் பொருட்டுத் தரப்படுவது. வேலை முடிந்தவழி அதனை மீளப்பெறுதல் குற்றமன்று. பெறாது விடுதலே குற்றம். பதிப்புவேலை முடிந்து பிற ஊர் சென்ற அன்பரின் பெயர் திருத்துவோர் குழுவில் ஆண்டுக்கணக்காய்க் கிடப்பது, பூட்டை மாற்றாது பழைய திறவுகோலை ஊரெங்கும் உலவவிட்டதை ஒக்கும்.

4. ஓர் எடுத்துக்காட்டு

இம்முறை நடைபெறுமாற்றை, டீஸ்பேஸ் என்னும் மென்பொருளை வைத்து நோக்கலாம். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூலகத்தாரும் ஹியூலட் பக்கார்டு நிறுவனத்தாரும் 2002-இல் வெளியிட்டது அது, விலையின்றிக் கிடைப்பது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி நூல்களைத் தொகுத்து வைத்துள்ள சோத்கங்கா என்னுங் கருவூலம் இதனாலேயே இயங்குகின்றது. இதிற் பிரிவும், பிரிவினுள் தொகுதியும், தொகுதியுள் நூலும், நூலினுள் கோப்புமாகப் பொருள்கள் அடுக்கப்படும். ஒவ்வொரு படியிலும் தனித்தனியே விதியெழுதலாம். பெயரிலிகள், மேலாளர் என இரு குழுக்கள் முன்னரே அமைந்துள்ளன. பெயரிலிகள் என்பது, தம்மை இன்னாரென அறிவியாது வரும் எல்லாரையும் அடக்கியது.

திருமுல்லைவாயில் பற்றிய பழம் பிரபந்த மொன்றின் ஏட்டுப்பிரதி ஓர் அன்பர் இல்லத்திற் கிடைத்தது என்று கொள்வோம். அவ்வில்லத்தார் அதனைப் படமெடுக்க இசைகின்றனர். ஆனால், அக்கட்டின் இறுதியில் அக்குடும்பத்தாரின் சாதகக் குறிப்பும் நிலக்கணக்கும் எழுதிய ஓலைகள் சில உள; அவற்றை ஊரார் காணலாகாதென்பது அவர் வேண்டுகோள். ஏட்டுக்கட்டுக்களில் இவ்வாறு பல பொருள் விரவிவருதல் வழக்கமே.

இதற்காக முழுச்சுவடியையும் அடைத்தல் வேண்டா. நூற்குறிப்பும் பிரபந்த ஓலைகளின் படங்களும் பெயரிலிகள் படித்தற்குத் திறந்திருக்க, குடும்ப ஓலைகளின் கோப்புக்களுக்கு மட்டும் அவ்வில்லத்தார் குழுவுக்கே படிக்கும் அதிகாரம் எழுதலாம். குறித்ததொரு நாள்முதல் திறக்குமாறு விதியிலேயே நாள் குறித்து வைத்தலுங் கூடும்.

படியெடுத்த பாடம் உட்புகுமிடத்து மூன்று படிகள் அமைக்கலாம். முதற்படியில் இருப்போர் ஏற்கலாம், அல்லது மறுத்துத் திருப்பலாம். இரண்டாம் படியினர் நூற்குறிப்பைத் திருத்தவும் செய்து, ஏற்கவும் மறுக்கவும் உரியர். மூன்றாம் படியினர் நூற்குறிப்பைச் செப்பஞ்செய்யலாமேயன்றி மறுத்தல் இயலாது. படியெடுத்தவரே பரிசோதித்து ஏற்பவருமாகாதபடி குழுக்களை வேறுபிரித்தல் நலம். தம் பிழை தமக்குத் தோன்றாமை எழுதுவார் யாவர்க்கும் இயல்பன்றோ?

ஈண்டு அறியாதார் பலர் இடறுமிடம் ஒன்றுண்டு. ஒரு தொகுதிக்கு வகுத்த இயல்பான படிப்பு விதி, நூல் உட்புகுங் காலத்தில் அந்நூலின்மேற் படியெடுத்து எழுதப்படும். பின்னர்த் தொகுதியின் விதியை மாற்றினும், முன்புகுந்த நூல்களின் விதி தானே மாறாது. திறந்திருந்த தொகுதியை அடைத்துவிட்டோம் என மேலாளர் எண்ணியிருக்க, பழைய கோப்புக்களெல்லாம் ஊரறியத் திறந்தே கிடக்கும். ஆதலின், விதி மாற்றியபின் பெயர் அறிவியாது புறத்தே நின்று, ஒரு பெயரிலியைப் போலத் தாமே நுழைந்து பார்த்தல் மேலாளர் கடன்.

5. தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழும். திருமுறைகள் யாவர்க்கும் உரியன. ஆயின், சிவாகமங்களும் பத்ததிகளும் தீக்கையுடையாரே ஓதற்குரியன. அவற்றைப் பெயரிலிகளுக்குத் திறந்துவிடுதல் முன்னோர் ஆணைக்கு மாறாகாதோ எனின், கூறுதும்.

நூலைக் காணுதல் வேறு. நூலிற் கூறிய கிரியைக்கு அதிகாரியாதல் வேறு. 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியர் இயற்றிய கிரியாக்கிரமத்யோதிகையை ஒருவன் முற்றும் படித்தானெனினும், அதனால் அவன் ஆசாரியனாகான். அவ்வதிகாரம் குருவின் தீக்கையால் வருவதன்றி ஏட்டினின்றும் வாராது. ஏடு திறந்திருத்தலால் தீக்கையின் தகுதி குறைபடுமெனக் கருதுவார், தீக்கையை ஏட்டறிவாகவே கருதியவராவர். மருத்துவ நூல் அங்காடியில் விற்கப்படுவதால் மருத்துவர் வேண்டப்படாரெனல் ஆகாதவாறு போல.

அன்றியும், அடைத்துவைத்தலால் ஆகமங்கள் காக்கப்பட்டில. 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழகமெங்கும் இல்லங்களிலிருந்தும் திருக்கோயில்களிலிருந்தும் சுவடிகளைத் திரட்டியும் படியெடுத்தும் வைத்தமையாலேயே பல ஆகமங்கள் அழியாது எஞ்சின. புதுவையிலுள்ள அச்சைவச் சுவடித்தொகை, ஏறக்குறைய 11,000 சுவடிகளையுடையது, 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டுக் கழகத்தாரால் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. அவற்றுட் பலவற்றின் படங்கள் இன்று இணைய வழியே காணக் கிடைக்கின்றன. பாடம் ஒப்புநோக்குவார்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது.

ஆயினும், தடைகூறுவார் கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. ஒரு மடமோ சிவாசாரியர் இல்லமோ, இன்ன பகுதி தீக்கையுடையார்க்கன்றிக் காட்டப்படலாகாது என்னும் உடன்பாட்டின்மேற் சுவடியைத் தந்திருப்பின், அவ்வுடன்பாட்டைக் காத்தல் அறம். ஏட்டின் உரிமை தந்தவர்க்கே யுரியது. நிழற்படமெடுத்தமையால் அது எடுத்தவர்க்கு ஆகாது. அத்தகைய பகுதியின் கோப்புக்களை மாத்திரம் வரையறுத்தல் மேற்காட்டியவாறு எளிது.

அவ்வாறு வரையறுக்குங்கால் வழுவலாகாதன மூன்று. அடைத்த பொருளின் நூற்குறிப்பு திறந்தே யிருத்தல் வேண்டும். பொல்லாப்பிள்ளையார் அறிவித்திராவிடின் தில்லையறையில் ஏடு உளதென்பதையே நம்பிகள் அறியார். இருப்பதே தெரியாத நூலைக் கேட்பார் யார்? அடைத்ததற்குக் காரணம் எழுதப்படல் வேண்டும். எப்பொழுது, யாரால் அது மீள ஆராயப்படும் என்னும் காலவரையறையும் வேண்டும். காரணமும் காலமும் இல்லாத தடை, மீண்டும் ஒரு தில்லைத் தாழேயாம்.

மற்றொரு தடையும் உண்டு. படித்தலை யாவர்க்கும் தந்தாற்போலத் திருத்தலையும் தந்தால் பாடங்கள் விரைந்து செம்மையுறுமே எனின், அற்றன்று. ஆறுமுக நாவலரவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தும் சென்னையினும் அச்சியந்திரங்களை நிறுவிச் சைவநூல்களைப் பரிசோதித்து வெளியிட்டபொழுது, படித்தலாகிய வாயில் அகலத் திறந்தது. ஆனால், பாடந் திருத்தும் வாயில் பரிசோதகர் கையிலேயே இருந்தது. அவ்விரண்டையும் பிரித்தறிந்தமையாற்றான் அப்பதிப்புக்கள் இன்றும் நம்பிக்கைக் குரியவாயின. திருப்பதிகத்தில் ஓரெழுத்து மாறின் பொருளும் பண்ணும் ஒருங்கே சிதையும். ஆதலின், திருத்தம் கூறும் உரிமை யாவர்க்கும் இருக்கலாம். அதனை ஏற்றுப் பாடமாற்றும் அதிகாரம் சிலர்க்கே இருத்தல் வேண்டும். மாறியபோதும் பழைய பாடம் அழியாது உடனிருத்தல் வேண்டும்.

6. காவலர் கடன்

எஞ்சியது, அதிகாரம் தருவாரைப் பற்றியது. மேலாளர் ஒருவரே யாயின், அவர்க்கு நோயோ மரணமோ நேர்ந்தவழிக் கருவூலம் இலச்சினையிட்ட அறையாய்விடும். மேலாளர் பலராயின் யார் செய்தது என்னும் மயக்கம் பெருகும். இருவர் அல்லது மூவர், ஒவ்வொருவரும் தத்தம் பெயராலேயே நுழைபவராய் இருத்தல் சால்பு. கடவுச்சொல்லை மீட்கும் வழி முத்திரையிட்ட உறையில் மடத்தின் அல்லது மன்றத்தின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழுக்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, இவர் இன்னும் இத்தொழில் செய்கின்றனரா என ஒவ்வொரு பெயராக வினாவுதல் வேண்டும். திருக்கோயிற் பண்டார அறையை இருப்புக் கணக்கெடுப்பார் பொருளையே எண்ணுவர். மின்னேட்டுக் கருவூலத்திலோ பொருளோடு திறவுகோல்களையும் எண்ணுதல் கடன்.

காவலர்க்கு இன்னொரு கடனுமுண்டு. அது விலகத் தெரிதல். திருநாளைப்போவார் புறத்தே நின்று கும்பிட ஏங்கியபொழுது, திருப்புன்கூரில் இறைவன் பணித்தருள நந்திதேவர் விலகி வழிவிட்டனர். காவல் நின்றவரே காட்சிக்கு இடையூறாதலும் உண்டென்பதையும், அவ்வழி விலகுதலே காவலின் நிறைவென்பதையும் அவ்வரலாறு காட்டும். கேட்டு எழுதும் மாணவர்க்கு விடையிறாது, தகுதியுடையார்க்கும் வாயிலடைத்துக் கிடக்கும் கருவூலம், எத்துணைத் திறமான கணினியால் இயங்கினும் ஏட்டுக்குப் பகையே.

வலிதாயத்தும் வேற்காட்டும் முல்லைவாயிலிலும் வழிபடுவார், அவ்வத் தலத் திருப்பதிகத்தை இன்று கைப்பேசியிலேயே எடுத்து ஓதுகின்றனர். தருமையாதீனத்தார் பன்னிரு திருமுறைகளையும் இணையத்தில் யாவர்க்கும் திறந்துவைத்துள்ளமையும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் போன்றோர் தொண்டும் இதற்குத் துணையாயின. அம்மூன்று பதிகங்களும் செல்லினின்று பிழைத்தவை. பிழையாது போனவை எவ்வூர்க்கு உரியனவோ, அவ்வூரார் எதனை இழந்தார் என்பதையும் அறியார். படித்தற்கு அகன்ற வாயிலும், திருத்தற்கு ஒடுங்கிய வாயிலும், இரண்டிடத்தும் பெயரறிந்த காவலரும், அவர்க்குப்பின் வருவார் இன்னாரென்னும் ஏற்பாடும் ஆகிய இவையிருப்பின், அவ்விழப்பு மீள நிகழாது. முல்லைவாயில் நந்திதேவர் புறம் நோக்கி யிருத்தல் வருவாரை விலக்குதற்கன்று, உடன்சென்று துணைசெய்தற்கே. ஏடு காக்கும் அன்பர்க்கும் அக்கோலமே நெறியாகுக.

திருச்சிற்றம்பலம்